மூன்று வரிக் கதைக்கு ஏன் அத்தனை கோபம்?

கத்தி ஒருவனின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு தொப்புளுக்குக் கீழே வரை இறங்குகிறது. பைஜாமா நாடா அறுந்துபோகிறது. குத்தியவன் பார்க்கிறான். ‘ச்சு ச்சு’ கொட்டுகிறான். ‘மிஷ்டேக் ஆயிடுச்சு’ என்கிறான். கதை முடிந்தது. தலைப்பு ‘ஸாரி’.

எழுதியவர் உருது எழுத்தாளர் சஆதத் ஹஸன் மண்ட்டோ. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு மொட்டைமாடி அறையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருக்க, இதைச் சத்தமாக வாசித்தேன். ஒருவர் உடனே சிரித்துவிட்டார். சிரித்த வேகத்திலேயே வாயை மூடிக்கொண்டார். இன்னொருவர், ‘என்ன மிஷ்டேக்? நாடா அறுந்துபோனதா?’ என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர் அவர் காதோடு எதையோ சொன்னதும் முகம் மாறிப்போயிற்று. மூன்றாவது ஆள் ஒன்றும் பேசவில்லை. எல்லாம் முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போதுதான், ‘இதையெல்லாம் இப்படி ஜோக்கு மாதிரி எழுதலாமா சார்?’ என்றார்.

அந்தக் கேள்விக்கு வயது எழுபத்தைந்துக்கு மேல். 1948இல் லாகூரில் ‘ஸியா ஹாஷியே’ என்ற சின்னப் புத்தகம் வந்தபோதே இதைக் கேட்டுவிட்டார்கள். கேட்டவர்கள் சாதாரண ஆட்களும் இல்லை. மண்ட்டோவுடன் ஒரே பத்திரிகைகளில் எழுதியவர்கள், ஒரே மேஜையில் குடித்தவர்கள், பம்பாயில் கூடவே திரிந்தவர்கள். மொத்தம் முப்பத்திரண்டு கதைகள். பலவற்றுக்குப் பத்து வரிகூடக் கிடையாது, சிலவற்றுக்கு இரண்டே வரி. அரை மணி நேரத்தில் வாசித்து முடித்துவிடலாம். அதற்குப் போய் ஒரு இலக்கிய இயக்கமே ஏன் அத்தனை கோபப்பட்டது?

முதலில் அந்தப் பெயர். ‘ஹாஷியா’ என்றால் பக்கத்தின் ஓரம். ‘ஸியா’ என்றால் கறுப்பு. துக்கச் செய்தியைச் சுற்றிப் பத்திரிகைகள் போடும் கறுப்புக் கட்டம்தான் ‘ஸியா ஹாஷியே’. நமக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. கல்யாணக் கடிதத்தின் மூலையில் மஞ்சள் தடவுவோம். சாவுச் செய்தி கொண்டுவரும் கார்டின் மூலையில் கறுப்பு மை இருக்கும். தபால்காரர் கையில் அந்தக் கார்டைத் தூரத்தில் பார்த்ததுமே வீட்டில் அழுகை தொடங்கிவிடும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடுவார்கள், வீட்டுக்குள் வைத்துக்கொள்ள மாட்டார்கள். மண்ட்டோ முப்பத்திரண்டு கறுப்பு மூலைக் கார்டுகளை ஒன்றாகக் கட்டி, உள்ளே நகைச்சுவைத் துணுக்கு மாதிரி ஒன்றை எழுதி, எல்லா வீட்டிலும் போட்டுவிட்டுப் போனார் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஹாஷியாவுக்கு இன்னொரு பொருளும் உண்டு. ஏட்டின் ஓரத்தில் எழுதும் குறிப்புரைக்கும் அதே சொல்தான். இந்த இரண்டாவது பொருள் பின்னால் தேவைப்படும்.

1947 ஆகஸ்டில் நாடு இரண்டானது. ஒன்றரைக் கோடிப் பேர் வரை இடம் பெயர்ந்தார்கள். செத்தவர்களின் கணக்கு யார் எண்ணுகிறார்கள் என்பதைப் பொறுத்து இரண்டு லட்சத்திலிருந்து இருபது லட்சம் வரை போகிறது. மண்ட்டோ பம்பாயை விட்டு 1948 ஜனவரியில் பாகிஸ்தான் போய்ச் சேர்ந்தார். பம்பாயில் அவருக்கு சினிமா வேலை இருந்தது, நண்பர்கள் இருந்தார்கள், கடனும் இருந்தது. லாகூரில் என்ன இருந்தது என்று அவருக்கே புரியவில்லை. மூன்று மாதம் தன் புத்தி ஒரு நிலையில் இல்லை, ஒரே திரையில் பல படங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஓடுவதுபோல இருந்தது என்று பிறகு எழுதினார். மெல்ல மெல்லப் பத்திரிகைக்கு இலகுவான கட்டுரைகள் எழுதத் தொடங்கினார். அந்த வருஷமே ‘ஸியா ஹாஷியே’ வந்துவிட்டது. அதாவது ரத்தம் காய்ந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அதை நினைவில் வைத்துக்கொள்ளாமல் அன்றைய வாசகர்களின் கோபத்தை எடைபோடக் கூடாது. வாசித்தவர்களில் பலர் வீட்டில் யாரையாவது பறிகொடுத்திருந்தார்கள். சிலர் அடுத்தவர் வீட்டில் குடியிருந்துகொண்டே வாசித்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், முதல் எதிர்வினை புத்தகம் வெளிவருவதற்கு முன்பே வந்துவிட்டது. மண்ட்டோ இதற்கு முன்னுரை எழுதச் சொன்னது முஹம்மத் ஹஸன் அஸ்கரியை. அஸ்கரி பிரெஞ்சு இலக்கியத்தில் ஊறியவர், கூர்மையான விமர்சகர், முற்போக்கு எழுத்தாளர்களுக்கு ஆகவே ஆகாதவர். செய்தி பம்பாய்க்குப் போனது. அங்கிருந்து முற்போக்கு இயக்கத்துக் கவிஞர் அலி சர்தார் ஜாஃப்ரி மண்ட்டோவுக்குக் கடிதம் போட்டார். அஸ்கரி உன் புத்தகத்துக்கு முன்னுரை எழுதுகிறாராமே, உனக்கும் அவருக்கும் என்ன பொருத்தம், எனக்குப் புரியவேயில்லை, அவரை நேர்மையானவராக நான் நினைக்கவில்லை என்பது அந்தக் கடிதத்தின் சாரம். கதை ஒன்றைக்கூட அவர் பார்த்திருக்கவில்லை. அட்டையில் யார் பெயரோடு யார் பெயர் இருக்கிறது என்பதிலேயே வாசிப்பு தொடங்கி முடிந்தும் விட்டது. நம் ஊரிலும் புத்தக வெளியீட்டு அழைப்பிதழில் பேச்சாளர் பட்டியலைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை எடைபோடுகிறவர்கள் உண்டு. அதனால் ஜாஃப்ரியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

அஸ்கரி தன் முன்னுரைக்கு வைத்த தலைப்பு ‘ஹாஷியா ஆராயி’. ஓரத்தை அலங்கரிப்பது, ஓரத்தில் குறிப்பெழுதுவது என்று இரண்டுமாக வரும் சிலேடை. அதில் அவர் சொன்னது இன்று வாசித்தாலும் பழசாகவில்லை. கலவரத்தைப் பற்றி வந்த கதைகளில் ஒரு தராசு தொங்குகிறது என்றார். இந்தப் பக்கம் இரண்டு பேர் செத்தால் அடுத்த பக்கமும் இரண்டு பேர் சாக வேண்டும், இல்லாவிட்டால் எழுதியவர் ஒருதலைப்பட்சம் ஆகிவிடுவார். மண்ட்டோ தராசைத் தூக்கி வைத்துவிட்டார். கொன்றவன் எந்த மதம், செத்தவன் எந்த மதம் என்று பெரும்பாலும் சொல்வதே இல்லை. யார் நல்லவர், யார் கெட்டவர் என்று தீர்ப்பும் எழுதுவதில்லை. மனிதன் மிருகமாகிவிட்டான் என்று தலையில் அடித்துக்கொள்வதும் இல்லை. அசாதாரணமான நேரத்தில் மனிதர்கள் எவ்வளவு சாதாரணமாக இருந்தார்கள் என்பதைத்தான் அவர் காட்டுகிறார் என்பது அஸ்கரியின் வாதம்.

இது வெறும் கோட்பாட்டுப் பேச்சில்லை. ‘பணிவு’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு கதை இருக்கிறது. ரயிலை நிறுத்துகிறார்கள். வேற்று மதத்தவர்களைப் பொறுக்கி எடுத்து வாளாலும் துப்பாக்கியாலும் முடித்துவிடுகிறார்கள். மிச்சம் இருக்கும் பயணிகளுக்கு அல்வாவும் பாலும் பழமும் பரிமாறுகிறார்கள். வண்டி கிளம்பும் முன் ஏற்பாட்டாளர் மன்னிப்புக் கேட்கிறார். ரயில் வரும் செய்தி தாமதமாகத்தான் கிடைத்தது, அதனால் நினைத்த அளவுக்கு உபசரிக்க முடியவில்லை என்கிறார். இந்தக் குரல் நமக்குத் தெரியும். கல்யாண வீட்டுப் பந்தி வாசலில் நின்றுகொண்டு, ‘ஒண்ணும் சரியா கவனிக்க முடியல, தப்பா எடுத்துக்காதீங்க’ என்று கை கூப்புகிறவரின் குரல் அது. அந்த மரியாதை பொய்யில்லை. கொன்றதும் பொய்யில்லை. இரண்டும் ஒரே ஆள். கதை இங்கே நின்றுவிடுகிறது.

இன்னொன்றில் ஒருவன் ஜன்னலில் எட்டிப் பார்ப்பவனைச் சுடுகிறான், இன்னொருவனைச் சுடுகிறான், சுட்டுக்கொண்டே போகிறான். கடைசியில் தெருவில் ஒரு சின்னக் குழந்தை ஓடிவருகிறது. துப்பாக்கியை அதன் பக்கம் திருப்புகிறான். கூட இருப்பவன் தடுக்கிறான். ஏன் தடுக்கிறாய் என்று கேட்டால், குண்டு தீர்ந்துபோய்விட்டது என்கிறான். ‘சும்மா இரு, அந்தச் சின்னக் குழந்தைக்கு அது எப்படித் தெரியும்?’ என்பது சுட்டவனின் பதில். தடுத்தவன் இரக்கத்தால் தடுத்தான் என்று ஒரு நொடி நாம் நம்பிவிடுகிறோம். அந்த ஒரு நொடியில் நமக்கு வரும் நிம்மதிதான் கதையின் பொறி. பத்துப் பக்கக் கதையில் இந்தப் பொறியை வைக்க முடியாது. சுட்டவன் யார், அவன் வீடு எது, அவனுக்கு என்ன நடந்தது என்று எழுத எழுத வாசகர் உஷாராகிவிடுவார்.

புத்தகம் வந்த பிறகு நடந்ததை மண்ட்டோவே பிறகு ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார். ‘ஜேப்-இ-கஃபன்’ என்பது அதன் பெயர், அதாவது ‘பிணத்துணியின் பை’. 1951இல் வந்த ‘யஸீத்’ தொகுப்புக்குப் பின்னிணைப்பு அது. மற்ற சண்டைகளில் சவடாலாகப் பேசும் மனிதர், இந்த இடத்தில் வருத்தத்தை மறைக்கவில்லை. சக எழுத்தாளர்கள் சிலர் தன் முயற்சியைக் கிண்டல் செய்தது மிகவும் வலித்தது என்கிறார். துணுக்கு எழுதுகிறவன், உளறுகிறவன், கிறுக்கன், பிற்போக்குவாதி என்றெல்லாம் சொன்னார்கள். நெருங்கிய நண்பர் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், பிணங்களின் சட்டைப்பையில் கைவிட்டு சிகரெட் துண்டு, மோதிரம் என்று எடுத்துச் சேர்த்திருக்கிறான் என்றார்.

இந்தக் கடைசி வசையை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். திட்ட வேண்டும் என்று சொன்னதுதான். ஆனால் அந்தப் புத்தகத்தைப் பற்றி அதைவிடத் துல்லியமாக யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. மண்ட்டோ செய்தது அதைத்தான். பிணத்தை விட்டுவிட்டு அதன் பையில் இருந்ததை எடுத்தார். ஒரு கொலையில் அறுந்த பைஜாமா நாடா. ஒரு கொள்ளையில் கூலிக்காரன் முதுகில் இருந்த அரிசி மூட்டை: போலீஸ் ஸ்டேஷனில் நின்று, மூட்டை போனால் போகட்டும், தூக்கி வந்த கூலி நாலணாவையாவது கொடுங்கள் என்று கெஞ்சுகிறான் அந்தக் காஷ்மீரி. ஒரு பெண் விற்பனையில் விலை: நாற்பத்திரண்டு ரூபாய். இரண்டு நண்பர்கள் சேர்ந்து வாங்குகிறார்கள், இரவு கழிந்த பிறகு பெயர் கேட்கிறார்கள், தங்கள் மதத்துப் பெண் என்று தெரிகிறது, விற்றவன் ஏமாற்றிவிட்டான், திருப்பிக் கொடுத்துவிட்டு வருவோம் என்று கிளம்புகிறார்கள். தலைப்பு ‘நஷ்ட வியாபாரம்’. நாற்பத்திரண்டு என்ற அந்தத் தொகைதான் சட்டைப்பையில் கிடைத்த மோதிரம். நாற்பது என்றோ ஐம்பது என்றோ இருந்திருந்தால் இத்தனை உறுத்தாது. பேரம் பேசிப் படிந்த விலை என்பது அந்த இரண்டில் தெரிகிறது.

குறுங்கதையே பிணத்தின் பையில் கைவிடும் வேலைதானோ என்று சில சமயம் தோன்றும். உடம்பைத் தூக்கிக்கொண்டு போக இடம் இல்லை. பொருளை மட்டும்தான் எடுத்துப் போக முடியும். நண்பர் அதைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார், பிடிக்காமல் போய்விட்டது. அவ்வளவுதான்.

முற்போக்காளர்களின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 1936இல் லக்னோவில் பிரேம்சந்த் தலைமையில் தொடங்கிய இடதுசாரி எழுத்தாளர் இயக்கம் அது. எழுத்து மனிதனை முன்னே தள்ள வேண்டும், ஒடுக்கப்பட்டவனின் பக்கம் நிற்க வேண்டும் என்பது அவர்களுடைய அடிப்படை. பிரிவினைக் கலவரத்தைப் பற்றி அவர்களும் நிறைய எழுதினார்கள். கிருஷன் சந்தர் ஒரு ரயிலையே கதை சொல்ல வைத்தார். பெஷாவரிலிருந்து பம்பாய் வரை வரும் அந்த வண்டி, எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்த கொலைகளைப் பார்த்துக்கொண்டே வந்து, கடைசியில் வெறுப்பில்லாத காலம் ஒன்றைக் கனவு காண்கிறது. அழுது முடித்த வாசகருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கிடைக்கிறது. ரயில் பெட்டி வாசலில் இருக்கும் கம்பி மாதிரி. மண்ட்டோவின் துணுக்குகளில் அந்தக் கம்பி இல்லை. அழவும் விடாது, கோபப்படவும் ஆள் காட்டாது. லட்சக்கணக்கானவர்கள் அகதிக் கூடாரத்தில் இருக்கும்போது இது என்ன விளையாட்டு என்று கேட்டவர்களை முட்டாள்கள் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

அதோடு மண்ட்டோ அவர்களைச் சீண்டியும் இருக்கிறார். ஒரு கதையில் ஒருவர் தன் வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வேறு ஊருக்குக் கிளம்புகிறார். வழியில் கூட்டம் மறிக்கிறது. ‘பாரேன், இவ்வளவையும் ஒத்தையா அடிச்சுக்கிட்டுப் போறான்!’ ‘ஐயா, இது என் சொந்தச் சாமான்’ என்று அவர் சிரிக்கிறார். கூட்டமும் சிரிக்கிறது: ‘தெரியும், தெரியும்!’ லாரி வைத்துக் கொள்ளையடிக்கிற பணக்காரன் இவன், விடாதே என்று ஒரு குரல் வருகிறது. இந்தக் கதைக்கு மண்ட்டோ வைத்த தலைப்பு ‘பொதுவுடைமை’. வேறு எந்தத் தலைப்பு வைத்திருந்தாலும் தோழர்கள் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

1949 நவம்பரில் லாகூரில் கூடிய பாகிஸ்தான் முற்போக்கு எழுத்தாளர் மாநாடு, பிற்போக்கு என்று தான் கருதிய எழுத்தாளர்களைப் புறக்கணிக்கத் தீர்மானம் போட்டது. மண்ட்டோவும் அஸ்கரியும் அந்த வரிசையில் இருந்தார்கள். இயக்கப் பத்திரிகைகளின் கதவு சாத்தப்பட்டது. இதே நேரத்தில் அரசாங்கம் அவர் மீது ஆபாச வழக்கு நடத்திக்கொண்டிருந்தது. வாழ்நாளில் ஆறு முறை ஆபாச வழக்கில் சிக்கியவர் அவர், மூன்று வெள்ளைக்காரன் காலத்தில், மூன்று பாகிஸ்தானில். ஆனால் ‘ஸியா ஹாஷியே’ மீது வழக்குப் போடவில்லை. போலீஸுக்குக் கோபம் வராத புத்தகம் நண்பர்களுக்குக் கோபத்தை உண்டாக்கியது. ஆபாசத்தைத் தேடுகிறவர்களுக்கு இதில் பிடிக்க ஒன்றும் கிடைத்திருக்காது. உடம்பை வர்ணிக்க இரண்டு வரியில் ஏது இடம்?

மண்ட்டோ 1955 ஜனவரியில் நாற்பத்திரண்டு வயதில் குடித்தே செத்துப்போனார். பிறகு காலம் அதன் வழக்கமான வேலையைச் செய்தது. 2005இல் பாகிஸ்தான் தபால் தலை போட்டது. 2012இல் நூற்றாண்டு வந்தபோது அந்நாட்டின் உயரிய விருதுகளில் ஒன்றான நிஷான்-இ-இம்தியாஸ் கொடுத்தார்கள். பிரிவினையைப் பற்றி யார் எழுதினாலும் இரண்டு மண்ட்டோ துணுக்குகளை மேற்கோள் காட்டாமல் விடுவதில்லை. ஏசியவர்கள் போய்ப் புகழ்கிறவர்கள் வந்தார்கள். ஆனால் வாசிப்பு சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது.

செருப்புக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். லாகூரில் சர் கங்கா ராமின் சிலை. 1927இல் இறந்த இந்தப் பொறியாளர் நவீன லாகூரின் பாதிக் கட்டடங்களைக் கட்டியவர், சொந்தப் பணத்தில் ஆஸ்பத்திரி கட்டிக் கொடுத்தவர், இந்து. கும்பல் சிலையைத் தாக்குகிறது. கல் எறிகிறார்கள், தார் பூசுகிறார்கள், ஒருவன் பழைய செருப்புகளை மாலையாகக் கோத்து அதன் கழுத்தில் போட ஏறுகிறான். போலீஸ் சுடுகிறது. செருப்பு மாலைக்காரனுக்குக் காயம். சிகிச்சைக்காக அவனை சர் கங்கா ராம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். இன்று செல்போனில் சுற்றும்போது இதை நடந்த செய்தி என்றே பலர் அனுப்புகிறார்கள். ‘மண்ட்டோ எழுதினது’ என்பது எங்கோ உதிர்ந்துவிட்டது. எழுத்தாளனுக்கு இது பெருமையா இல்லையா என்று என்னால் முடிவு செய்ய முடியவில்லை. தொகுப்பின் முதல் கதையே செய்தி ஏஜென்சித் தந்தி போலத்தான் எழுதப்பட்டிருக்கிறது, அடைப்புக்குறிக்குள் ஏஜென்சியின் சுருக்கெழுத்து உள்பட. செய்தியாக நடிக்க வைத்தவர் அவரேதான்.

ஆனால் தனித்தனியாகச் சுற்றும்போது ஒன்று கெட்டுப்போகிறது. ஒரு துணுக்கை மட்டும் வாசித்தால் கடைசி வரித் திருப்பம்தான் கையில் நிற்கும். ‘அடடா, என்னமா முடிச்சிருக்கான்!’ என்று சொல்லிவிட்டு அடுத்த மெசேஜுக்குப் போய்விடலாம். முப்பத்திரண்டையும் ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். நாலாவது ஐந்தாவது வரை சிரிப்பு வருகிறது. பத்தாவதில் திருப்பம் எங்கே வரும் என்று தெரிந்துவிடுகிறது. பதினைந்தாவதில், இன்னொன்றுக்குச் சிரிக்கத் தயாராக வாயை வைத்துக்கொண்டிருக்கும் நம்மை நாமே பார்த்துவிடுகிறோம். ஒருவன் ‘இவன் இன்னும் சாகலை பார்’ என்கிறான். இன்னொருவன் ‘விடுப்பா, அசதியா இருக்கு’ என்கிறான். இது தொகுப்பின் கடைசிப் பக்கங்களில் வருகிறது. அந்த இடத்துக்கு வரும்போது வாசகரும் அசந்துதான் போயிருப்பார். கொலைகாரனின் அசதியும் வாசகனின் அசதியும் ஒரே பக்கத்தில் சந்திப்பதுதான் தொகுப்பின் வேலை. போனில் தனியாக வரும் ஒரு துணுக்கில் அது கிடைக்காது.

தமிழில் மண்ட்டோவை நமக்கு விரிவாகக் கொண்டுவந்தது ராமாநுஜத்தின் மொழிபெயர்ப்பில் வந்த ‘மண்ட்டோ படைப்புகள்’. நம் வாசிப்பில் இரண்டு சிக்கல்கள் உண்டு என்று நினைக்கிறேன். ஒன்று, வாரப் பத்திரிகையின் ஒரு பக்கக் கதையில் பழகிய கண். கடைசி வரியில் ஒரு திருகல், அதில் ஒரு நீதி அல்லது ஒரு சிரிப்பு என்று எதிர்பார்த்தே பக்கத்தைத் திருப்புவோம். வேலைக்காரிதான் நிஜமான பணக்காரி, பிச்சைக்காரன்தான் உண்மையான கொடையாளி என்கிற ரகம். மண்ட்டோவிலும் திருகல் இருக்கிறது. ஆனால் திருகிய பிறகு எதையும் பிழிந்து தரமாட்டார். கிணற்றுக் கதையில் ஒருவன் கொள்ளையடித்த இரண்டு சர்க்கரை மூட்டைகளை போலீஸுக்குப் பயந்து ராத்திரியில் கிணற்றில் போடுகிறான். இரண்டாவது மூட்டையோடு அவனும் விழுந்து செத்துப்போகிறான். மறுநாள் தண்ணீர் இனிக்கிறது. அன்று இரவு அவன் கல்லறையில் விளக்கு எரிகிறது. தலைப்பு ‘அற்புதம்’. நம் ஊர்க்காரர் ஒருவர் இதை வாசித்துவிட்டு மூடநம்பிக்கை எதிர்ப்புக் கதை என்று கைதட்டியது நினைவிருக்கிறது. அப்படியும் வாசிக்கலாம்தான். ஆனால் நமக்குத் தெரிந்த கோயில்களில் எத்தனை கிணறுகளுக்கு இப்படி ஒரு சர்க்கரை மூட்டை இருக்கும் என்று அவர் யோசித்த மாதிரித் தெரியவில்லை.

இரண்டாவது சிக்கல் அந்த மாடி அறையில் எழுந்த ‘என்ன மிஷ்டேக்?’ என்ற கேள்வி. பஞ்சாபியர் யாரும் இதைக் கேட்டிருக்க மாட்டார். நாடா அறுந்தால் துணி விழும், துணி விழுந்தால் சுன்னத்து செய்ததா இல்லையா என்று தெரிந்துவிடும், குத்தியவன் தன் மதத்துக்காரனையே கொன்றிருக்கிறான். 1947இல் அமிர்தசரஸிலோ லாகூரிலோ தெருவில் நடந்த ஒவ்வொருவருக்கும் இது பாலபாடம். சென்னையில் அந்த வருஷம் அப்படிக் கழியவில்லை. அதனால் நமக்கு அடிக்குறிப்பு தேவைப்படுகிறது. அடிக்குறிப்பு போட்டால் கதை செத்துவிடும். போடாவிட்டால் பாதிப் பேருக்குக் கதையே தொடங்காது. முஸ்லிம்களின் ஹலால் முறையில் அறுப்பதா, சீக்கியர்களின் ஜட்கா முறையில் ஒரே வெட்டா என்று இரண்டு பேர் மனிதக் கழுத்தைப் பற்றித் தகராறு பண்ணும் கதைக்கும் இதே கதிதான். இங்கேதான் ஹாஷியா என்ற சொல்லின் இரண்டாவது பொருள் வந்து நிற்கிறது. ஓரத்தில் குறிப்பெழுதாமல் இந்த ஓரங்களை வாசிக்க முடியவில்லை.

ஒரு இடத்தில் மட்டும் தமிழுக்கு அதிர்ஷ்டம். உருதுவிலும் அவன் ‘மிஷ்டேக்’ என்றுதான் சொல்கிறான், மழுங்கிய ஆங்கிலத்தில். நாமும் அதையே சொல்கிறோம். கணக்கில் ஒரு எண் மாறினால், பஸ் நம்பர் தவறினால், ‘சின்ன மிஷ்டேக்’ என்போம். ‘தவறு’ என்றோ ‘பிழை’ என்றோ மொழிபெயர்த்தால் அவன் வருந்துவதுபோல ஆகிவிடும். மிஷ்டேக்கில் வருத்தம் இல்லை, சலிப்பு மட்டும் உண்டு. தாய்மொழியில் சொல்லக் கூசுவதற்குத்தான் இந்த இங்கிலீஷ் சொற்கள் நம்மிடம் இருக்கின்றனவோ என்னவோ.

நான் அன்று கடைசியாக வாசித்தது ‘ஜெல்லி’. காலை ஆறு மணிக்கு பெட்ரோல் பங்க் அருகில் தள்ளுவண்டி ஐஸ்காரனைக் குத்திவிடுகிறார்கள். ஏழு மணி வரை உடல் ரோட்டில் கிடக்கிறது, அதன் மேல் ஐஸ் உருகிச் சொட்டிக்கொண்டே இருக்கிறது. ஏழேகாலுக்கு போலீஸ் உடலை எடுத்துப் போகிறது. ஐஸும் ரத்தமும் அங்கேயே கிடக்கின்றன. ஒரு குதிரைவண்டி கடக்கிறது. உள்ளே இருக்கும் குழந்தைக்கு, ரோட்டில் பளபளவென்று உறைந்து கிடப்பதைப் பார்த்ததும் வாயில் எச்சில் ஊறுகிறது. அம்மாவின் கையை இழுத்து, ‘பார் மம்மி, ஜெல்லி’ என்று காட்டுகிறது. இதற்கு யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் மட்டும் ஆறு, ஏழு, ஏழேகால் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். ‘ஒண்ணேகால் மணி நேரம் யாரும் வரலையா?’ என்றார். போலீஸ் ரிப்போர்ட்டில் எழுதுகிற மாதிரி நேரம் குறித்திருக்கிறாரே தவிர, அந்த நேரத்தில் யார் யார் அந்தப் பக்கம் போனார்கள் என்று மண்ட்டோ எழுதவில்லை. பெட்ரோல் பங்கில் நிச்சயம் ஆள் இருந்திருக்கும்.

கிளம்பும் முன், முன்பக்கத்தில் இருந்த சமர்ப்பணத்தை யாரோ வாசிக்கச் சொன்னார்கள். பொதுவாக எல்லோரும் தாண்டிப் போகிற பக்கம் அது. தான் செய்த கொலைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்த ஒரு மனிதனுக்குப் புத்தகத்தைச் சமர்ப்பித்திருக்கிறார் மண்ட்டோ. ஒரு கிழவியைக் கொன்றபோதுதான் கொலை செய்துவிட்டதாகத் தோன்றியது என்று அவன் சொன்னானாம்.

செருப்பு மாட்டிக்கொண்டே ஜோக்கு மாதிரி எழுதலாமா என்று கேட்டவர் வாசலிலிருந்து திரும்பி வந்தார். ‘அப்போ அதுக்கு முன்னால செஞ்சதையெல்லாம் அவன் என்னன்னு நினைச்சிருந்தானாம்?’ என்றார்.